வெளிச்சம் தெரிந்தால் அழுத்தவும்

கழுகுக்குக் கண்ணில் கோளாறு என்று யாராவது சொல்லியிருந்தால் அந்த மருந்துத் தொழிற்சாலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பார்கள். கழுகு என்பது அங்கே அவளுக்கு வைத்த பட்டப்பெயர். இருபத்திரண்டு வருஷமாக ஊசிமருந்துக் குப்பிகளைச் சோதித்து அனுப்புகிறவள். ஒரு கூண்டு மாதிரியான பெட்டிக்குள் முகத்தை நீட்டி உட்கார வேண்டும். எதிரே பாதி கறுப்பு, பாதி வெள்ளைப் பலகை. தலைக்கு மேல் கண்ணைப் பறிக்கிற விளக்கு. இடதுபக்கத் தட்டிலிருந்து ஒரு குப்பியை எடுத்து, ஒரு சுழற்று சுழற்றி, கறுப்புக்கு முன்னால் ஒரு பார்வை, வெள்ளைக்கு முன்னால் ஒரு பார்வை. உள்ளே நூலிழையோ கண்ணாடித் துணுக்கோ மிதந்தால் சிவப்புக் கூடை. சுத்தமாக இருந்தால் வலதுபக்கத் தட்டு. பார்க்கிறவருக்கு இது ஒரு வேலையா என்று தோன்றும். நாள் முழுக்க அப்படி உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. சோதிக்கிறவர்களைச் சோதிப்பதற்காக மேற்பார்வையாளர் அவ்வப்போது வேண்டுமென்றே கெட்ட குப்பிகளைக் கலந்து வைப்பார். பொறிக்குப்பி என்று அதற்குப் பெயர். அவள் ஒன்றைக்கூடத் தவற விட்டதில்லை. அதில் கண்ணுக்குப் பாதிப் பங்குதான். மீதிப் பங்கு மேற்பார்வையாளரின் கையைப் படித்து வைத்திருந்தது. டீ குடித்துவிட்டு வந்ததும் ஒன்று வைப்பார். கொஞ்ச நேரம் சும்மா இருப்பார். பிறகு அடுத்தடுத்து இரண்டு. எப்போது வரும் என்பது அவள் விரலுக்குத் தண்ணீர் பட்ட பாடு. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லிக்கொள்கிற விஷயமா அது?

இப்பேர்ப்பட்டவளுக்குக் கொஞ்ச நாளாக வீட்டுக் கதவுநிலையோடு ஒத்துப்போகவில்லை. போகும்போதும் வரும்போதும் இடது தோள் இடித்துக்கொண்டே இருந்தது. மேஜையின் இடது ஓரத்தில் வைத்த டம்ளர் தானாகக் கீழே விழுந்தது. அப்படித்தான் அவள் சொல்லிக்கொண்டாள், தானாக என்று.

வீட்டில் இரண்டே பேர். அவளும் அவள் அண்ணனும். அவள் கணவர் இறந்துபோய்ப் பத்து வருஷமாகிறது. அண்ணன் கல்யாணமே செய்துகொள்ளாதவர். லாரி ஆபீஸில் புக்கிங் கிளார்க்காக இருந்தார். ஃபோனில் அவர் கத்தினால் அடுத்த தெருவில் சரக்கு இறங்கும் என்பார்கள். ஏழு வருஷத்துக்கு முன்பு அவருக்கு இரண்டு கண்ணும் போய்விட்டது. க்ளாக்கோமா என்கிற கண் அழுத்த நோய். இப்போது ஜன்னலோரம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, உலகத்தைக் காதால் மேற்பார்வை செய்துகொண்டிருந்தார்.

"பாப்பா, இந்த வாரத்துல இது நாலாவது தடவை" என்றார் ஒருநாள். ஐம்பத்தொரு வயதிலும் அவருக்கு அவள் பாப்பாதான்.

"எது?"

"நீ கதவுல மோதுறது. எல்லாம் இடது தோள்தான். வலது பக்கம் சத்தமே வரல."

"கதவு குறுகலா இருக்குண்ணா."

"நாம குடி வந்த நாள்லேர்ந்து அதே அகலம்தான். புதுசா இப்பதான் குறுகுதாக்கும்?"

"எனக்கு ஒண்ணும் இல்ல. மூணு மாசம் முன்னாடிதான் ஃபேக்டரில கண்ணு பார்த்தாங்க. அட்டையில கடைசி வரி வரைக்கும் கடகடன்னு படிச்சேன்."

"நானும் கடைசி வரி வரைக்கும் படிச்சவன்தான். படிச்சிட்டு வெளிய வந்து நேரா ஒரு சைக்கிள்மேல விழுந்தேன்."

அவள் அடுக்களைக்குள் போனாள். இந்த மனுஷனுக்கு எல்லாரையும் தன் கட்சியில் சேர்த்துக்கொள்ள வேண்டும், வேறொன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டாள். நினைத்தாளே தவிர, கை தன்பாட்டுக்கு இடது தோளைத் தடவிக்கொண்டிருந்தது.

அதற்கடுத்த வாரம் வேலையில் இடதுபக்கத் தட்டைத் தட்டிவிட்டாள். ஐம்பது குப்பிகள் தரையில் சிதறி நொறுங்கின. கையுறை வழுக்கிவிட்டது என்று சொன்னாள். மேற்பார்வையாளர் சிரித்துக்கொண்டே, "கழுகுக்கே ரெக்கை நடுங்குதா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவளும் சிரித்தாள். ஆனால் சுவரில் ஒட்டியிருந்த விதிமுறைக் காகிதத்தில் ஆறாவது வரி அவளைப் பார்த்து முறைத்துக்கொண்டிருந்தது. கண் நோய் உள்ளவர்கள் சோதனைக் கூடத்தில் பணிபுரிய அனுமதியில்லை. முன்பெல்லாம் அப்படிப்பட்டவர்களை அட்டைப்பெட்டி கட்டும் பிரிவுக்கு மாற்றுவார்கள். போன வருஷம் அங்கே இயந்திரம் வந்துவிட்டது. இனி இந்தக் கூடத்தை விட்டுப் போனால் வாசல்தான். இரண்டு பேர் இருக்கிற வீட்டில் ஒரே சம்பளம். அதுவும் போனால் அண்ணனும் தங்கையும் ஆளுக்கொரு ஜன்னலோரம் உட்கார வேண்டியதுதான்.

அதனால்தான் ஊரின் மறுகோடியில் இருந்த ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போனாள். தெரிந்த முகம் ஒன்றுகூட வராத இடம். கண்ணில் மரத்துப்போகும் சொட்டு விட்டு, நீல விளக்கு ஒன்றைக் கண்மணிமேல் ஒட்டினாற்போல் கொண்டுவந்து அழுத்தம் பார்த்தார்கள். "கூடுதலா இருக்கு" என்றார் டாக்டர், எழுதிக்கொண்டே. "பக்கப் பார்வை டெஸ்ட் ஒண்ணு எடுத்துட்டு வாங்க. அது சரியா இருந்தா பயமில்ல."

சரியாக இருந்தால். அந்த வார்த்தை அவளுக்குப் பழகிய வார்த்தை.

இருட்டு அறையில் ஒரு இயந்திரம். பெரிய வெள்ளைக் கிண்ணத்தைக் கவிழ்க்காமல் செங்குத்தாக நிறுத்தியது மாதிரி இருந்தது. அதற்குள் முகத்தை வைத்து, தாடையைத் தாங்கியில் இருத்தி, ஒரு கண்ணை மூடிவிட்டார்கள். கையில் ஒரு பொத்தான். நடுவிலுள்ள மஞ்சள் புள்ளியையே பார்க்க வேண்டும். சுற்றிலும் எங்காவது சின்ன வெளிச்சம் தெரிந்தால் அழுத்த வேண்டும். அவ்வளவுதான்.

முதல் பத்து வெளிச்சத்துக்குள் அவளுக்குச் சூட்சுமம் பிடிபட்டுவிட்டது. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு மூச்சு அவகாசம். குப்பியை எடுக்க, சுழற்ற, பார்க்க, வைக்க ஆகிற அதே நேரம். வெளிச்சம் தெரிந்தபோது அழுத்தினாள். தெரியாதபோது, இந்நேரம் ஒன்று வந்திருக்க வேண்டுமே என்று விரல் சொன்னதும் அழுத்தினாள். ஏமாற்றுகிறோம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. பொறி வைக்கிறார்கள், நாம் மாட்டக் கூடாது. வாழ்க்கை முழுக்க அவளுக்குத் தெரிந்த பரீட்சை அது ஒன்றுதான்.

இயந்திரம் அச்சடித்துக் கொடுத்த படத்தை டாக்டர் ஒரு புரட்டுப் புரட்டினார். வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். "பார்வை நல்லாதான் இருக்கு. ஆறு மாசம் கழிச்சு வாங்க."

அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. வீட்டுக்குள் நுழையும்போதே, "அண்ணா, எனக்கு ஒண்ணும் இல்லையாம்!" என்று கூவினாள். கூவிய வேகத்தில் இடது தோள் கதவுநிலையில் இடித்தது.

அண்ணன் முகத்தைத் திருப்பினார். "டெஸ்ட் எடுத்தாங்களா? கிண்ணத்துக்குள்ள?"

"எடுத்தாங்க."

"வெளிச்சம் எவ்வளவு தெரிஞ்சுது?"

"எல்லாமே தெரிஞ்சுது."

"எல்லாமேவா?"

"ஒண்ணு விடல."

அவர் மெதுவாகச் சொன்னார்: "பாப்பா, அந்த மிஷின்ல எல்லாமே யாருக்கும் தெரியாது. நல்ல கண்ணுக்காரனுக்கே பாதிதான் தெரியும். தெரியத் தெரிய வெளிச்சத்தை மங்கலாக்கிக்கிட்டே போகும், எதுக்குக் கீழ தெரியலன்னு கண்டுபிடிக்கத்தான். எனக்கு டெஸ்ட் எடுத்த பையன் சொன்னான். எல்லாம் தெரிஞ்சுதுன்னு சொல்றவங்க ஒண்ணு சாமி, இல்ல பொய்."

அவளுக்குச் சுருக்கென்றது. "அப்ப நான் பொய் சொல்றேனா? உனக்கு நான் நல்லா இருக்கறதே புடிக்கல."

"புடிக்காமதான் ஏழு வருஷம் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்."

"என்ன?"

அவர் நாற்காலியின் கைப்பிடியைத் தடவிக்கொண்டே இருந்தார். "எனக்குக் கண்ணு போனப்பவே அந்த டாக்டர் சொன்னாரு. இது ரத்தத்துல வர்ற சமாச்சாரம், கூடப் பொறந்தவங்களை உடனே காட்டச் சொல்லுங்கன்னு. நான் உங்கிட்ட சொல்லல. சொன்னா நீ காட்டுவ. காட்டி, ஏதாவது இருந்தா வேலை போயிடும். அப்புறம் எனக்கு யாரு சோறு போடுவாங்கன்னு பயந்தேன். அவ்வளவுதான். அலங்காரமா சொல்ல எனக்கு வேற காரணம் இல்ல."

அவளுக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த பையை வீசினாள். அவர்மேல் அல்ல, சுவர்மேல். இரண்டு நாள் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டை அவர் முன்னால் ணங்கென்று வைத்தாள். அவர் அந்தச் சத்தத்தையும் சேர்த்துச் சாப்பிட்டார். ஏழு வருஷம் என்று அவள் மனம் திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டது. அவரை எந்த அளவுக்கு வெறுத்தாளோ அதே அளவுக்கு அவர் சொன்னது புரிந்தும் தொலைத்தது. அவளும் ஊரின் மறுகோடிக்கு ஒளிந்துதானே போனாள்? பயம் இரண்டு பேருக்கும் ஒரே பயம்தான்.

மூன்றாம் நாள் குளியலறையில் கண்ணாடி முன்னால் நின்று, உள்ளங்கையால் வலது கண்ணைப் பொத்தினாள். தன் மூக்கு நுனியையே பார்த்தாள். நன்றாகத் தெரிந்தது, பொட்டுப்போன்ற மச்சம்கூட. இடது பக்கம் பல்துலக்கும் பிரஷ்கள் நிற்கும் குவளை இருக்க வேண்டும். இல்லை. கறுப்பாக ஏதாவது மறைத்திருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். அப்படி ஒன்றும் இல்லை. வெளிறிய சுவர்தான் அங்கே பரவியிருந்தது, குவளை என்று ஒன்று பிறக்கவே பிறக்காதது மாதிரி. கண்ணைத் திருப்பினாள், குவளை இருந்தது. மூக்கைப் பார்த்தாள், போய்விட்டது. நாலைந்து தடவை செய்து பார்த்துவிட்டுக் குளியலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கதவைத் திறந்து வெளியே வர அவளுக்கு வெகுநேரம் பிடித்தது.

வந்ததும் அண்ணனிடம் சொன்னது இரண்டே வார்த்தை: "ஃபோனை எடு."

அவர் இத்தனை நாள் இதற்காகத்தான் காத்திருந்தாற்போல நிமிர்ந்து உட்கார்ந்தார். பொத்தான் ஃபோனைத் தடவித் தடவி எண்களை அழுத்தினார். பழைய புக்கிங் கிளார்க் குரல் திரும்பி வந்துவிட்டது.

"உங்க டாக்டர் நரம்பைப் பார்ப்பாரா, இல்ல பவரை மட்டும் பார்த்துட்டுக் கண்ணாடிக் கடைக்கு அனுப்பிடுவாரா? ... க்ளாக்கோமாவுக்குன்னே தனியாப் படிச்சவரான்னு கேக்கறேன்மா. ... எல்லா டாக்டரும் நல்லாதான் பார்ப்பாங்களா? எல்லா லாரியும் நல்லாதான் ஓடும். எது எந்த ஊருக்குப் போகும்னு தெரிஞ்சுக்கிட்டுத்தானே சரக்கு ஏத்தணும்?"

ஒருத்தி ஃபோனை வைத்துவிட்டாள். இன்னொருவர் அறுவை சிகிச்சைக்குத் தள்ளுபடி இருக்கிறது என்றார். அவரை அண்ணன் வாங்கு வாங்கென்று வாங்கினார். ஐந்தாவது இடத்தில், இருங்க கேட்டுச் சொல்றேன் என்று போன பெண்ணுக்குப் பதிலாக டாக்டரம்மாவே பேசினார். அண்ணன் குரல் சட்டென்று இறங்கியது. "ஆமாம்மா... எனக்கு ஐம்பத்தாறுல முழுசாப் போச்சு... கூடப் பொறந்தவதான்... சரிம்மா." வைத்துவிட்டுச் சொன்னார்: "இவங்கதான். எடுத்த எடுப்புல எனக்கு எந்த வயசுல போச்சுன்னு கேட்டாங்க. விஷயம் தெரிஞ்சவங்க."

டாக்டரம்மா அவசரப்படவில்லை. கண்மணியை விரிக்கிற சொட்டு விடுவதற்கு முன்பே, சின்னக் கண்ணாடி வில்லை ஒன்றைக் கண்ணில் வைத்து ஓரங்களைப் பார்த்தார். பிறகு சொட்டு விட்டு, காக்க வைத்து, கண்ணுக்குள் வெகுநேரம் பார்த்தார். கடைசியில் அவள் கொண்டுவந்த பழைய டெஸ்ட் படத்தை எடுத்தார். படத்தைப் பார்க்காமல் அதன் மூலையில் இருந்த பொடி எழுத்தைப் பார்த்தார்.

"இதை நீங்க எப்படிம்மா செஞ்சீங்க?"

"எதைங்க?"

"மிஷின் நடுநடுவுல வெளிச்சம் போடாம சும்மா இருக்கும், யாரு உண்மையாப் பார்த்து அழுத்தறாங்கன்னு தெரிஞ்சுக்க. அப்பவும் நீங்க அழுத்தியிருக்கீங்க. பத்துக்கு நாலு தடவை. அது இங்க எழுதியே இருக்கு. இதை அவங்க கவனிக்கல."

அவளுக்கு முகத்தில் சூடு ஏறியது. இருபத்திரண்டு வருஷத்தில் முதல்தடவையாகப் பொறியில் மாட்டியிருக்கிறாள்.

டாக்டரம்மா திட்டவில்லை. ஒரு காகிதத்தில் கண்ணை வரைந்து காட்டினார். "கண்ணுக்குள்ள ஒரு தண்ணி ஊறிக்கிட்டே இருக்கும், சல்லடை மாதிரி ஒரு வழியா வடிஞ்சுக்கிட்டே இருக்கும். உங்களுக்கு வடியறது குறைஞ்சுபோச்சு. தண்ணி தேங்கி, பின்னாடி இருக்கிற நரம்பை அமுக்குது. ஓரத்துலேர்ந்து ஒவ்வொரு இழையா சாகுது. வலிக்காது. ஒரு கண்ணுல விழுற ஓட்டையை இன்னொரு கண்ணு மூடிடும். மிச்சத்தை மூளை இட்டுக்கட்டி ஒப்பேத்திடும். நடுப்பார்வை கடைசிலதான் போகும். அதான் அட்டையைப் படிச்சுடறீங்க. உங்க வலது கண்ணு பரவாயில்ல. இடது நரம்பு ரொம்பத் தேய்ஞ்சுருக்கு."

"திரும்ப வருங்களா?"

"போனது வராதும்மா. இருக்கறதைக் காப்பாத்தலாம். தினமும் சொட்டு விடணும், ஒருநாள்கூட விடாம. தேவைப்பட்டா லேசர், இல்லன்னா ஆபரேஷன்."

"அப்ப சொட்டு மருந்து மட்டும் எழுதிக் குடுத்துடுங்களேன். டெஸ்ட் வேணாம்."

"ஏன்?"

அவள் மடியிலிருந்த கைகளைப் பார்த்தாள். எல்லாவற்றையும் சொன்னாள், கூண்டு, குப்பி, சுவரில் ஆறாவது வரி, ஜன்னலோரம் அண்ணன். "அந்தக் காகிதம் வந்துட்டா அப்புறம் இல்லன்னு சொல்ல முடியாதுங்களே."

"சொட்டு இன்னிக்கே ஆரம்பிக்கலாம். ஆனா எவ்வளவு போயிருக்குன்னு தெரியாம அழுத்தத்தை எவ்வளவு இறக்கணும்னு நான் எப்படி முடிவு பண்றது? ஆறு மாசம் கழிச்சு இன்னும் போயிருக்கான்னு எதோட ஒப்பிட்டுப் பார்க்கறது? இந்தப் பொய்யோடவா?" டாக்டரம்மா பழைய படத்தை மடித்து வைத்தார். "நானாப் போய் உங்க ஃபேக்டரில சொல்ல மாட்டேன். அவங்க எழுதிக் கேட்டா பொய் எழுதவும் மாட்டேன். குப்பியைப் பார்க்க நடுப்பார்வை போதும்னு எழுதித் தரேன். அவங்க ஒத்துக்குவாங்களான்னு எனக்குத் தெரியாது. வேலைக்கு என்னால உத்தரவாதம் குடுக்க முடியாது. கண்ணுக்குத்தான் முயற்சி பண்ண முடியும்."

எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான். டெஸ்ட் எடுத்தால் வேலை, எடுக்காவிட்டால் கண். கண் போனால் வேலையும் எப்படியும் போகத்தான் போகிறது. இந்தக் கணக்கு எவ்வளவு சுலபமாக இருந்தாலும் நாற்காலியை விட்டு அவள் எழுந்திருக்கவில்லை. "கண்ணை விரிச்ச சொட்டோட தாக்கம் அடங்கணும், டெஸ்ட்டை நாளைக்கு எடுத்துக்கலாம்" என்றார் டாக்டரம்மா.

மறுநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். அண்ணனும் கூட வந்தார்; வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். உள்ளே போகும்போது அவர் அவள் முழங்கையைப் பிடித்தார். மன்னிப்புக் கேட்கப் போகிறாரோ என்று நினைத்தாள். "தெரியலன்னா அழுத்தாத" என்றார், அவ்வளவுதான். அவள் கையை உருவிக்கொண்டு உள்ளே போனாள்.

டெஸ்ட் எடுக்கும் பெண் சின்ன வயசு, பொறுமைசாலி. முதலில் வலது கண். வெளிச்சங்கள் வந்தன, சில தெளிவாக, சில இருக்கிறதா இல்லையா என்று மங்கலாக. தெரிந்ததற்கு அழுத்தினாள். தெரியாத இடைவெளிகளில் விரல் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அடக்கினாள். இவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. இருபத்திரண்டு வருஷம் சோறு போட்ட விரல் அது.

பிறகு வலது கண்ணை மூடி, இடது கண்ணுக்கு மாற்றினாள் அந்தப் பெண். "மஞ்சள் புள்ளியையே பாருங்கம்மா. வெளிச்சம் தெரிஞ்சா அழுத்துங்க."

புள்ளிக்குப் பக்கத்தில் ஒன்று மின்னியது. அழுத்தினாள். அதற்குக் கொஞ்சம் கீழே இன்னொன்று. அழுத்தினாள். கிண்ணம் வெள்ளையாக, அமைதியாக இருந்தது. அடுத்ததற்காகக் காத்திருந்தாள். ஒரு மூச்சு போயிற்று. இரண்டு மூச்சு. இந்நேரம் வந்திருக்க வேண்டுமே என்றது விரல். நாலு, ஐந்து. தாடைக்குக் கீழே வியர்த்தது. பத்துக்கு மேல் அவள் எண்ணவில்லை. ஒரு வெளிச்சம் இல்லை, ஒரு அசைவு இல்லை, வெறும் வெள்ளை. இவ்வளவு நேரம் யாரும் சும்மா வைத்திருக்க மாட்டார்கள். இயந்திரத்தில்தான் ஏதோ கோளாறு. அப்படித் தோன்றியதும் அவளுக்கு உயிர் வந்தது. சிரிப்புக்கூட வந்தது. பழுதான இயந்திரத்தில் உட்கார்ந்துகொண்டா இவ்வளவு நேரம் செத்துப் பிழைத்தோம்!

"ஏம்மா," என்றாள் தாடையை அசைக்காமல், "மிஷின் நின்னு போச்சா?"

"இல்லம்மா" என்றாள் அந்தப் பெண். "ஓடிக்கிட்டேதான் இருக்கு. வெளிச்சம் வந்துக்கிட்டேதான் இருக்கு."

கழுகுக்கு ஓவென்று அழ வேண்டும் போலிருந்தது. அழுதால் கண் அசைந்துவிடும். கட்டைவிரலைப் பொத்தான்மேல் வைத்தபடி, அழுத்தாமல், மஞ்சள் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.